வாலாம்பாள் மிச்சம் வைத்தது

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபின் நீங்களே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்படக் கூடாது பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. ஆபீஸ் விட்டு வந்ததும் அதில் சாய்ந்துகொண்டு, எழுதியதை மனைவி வாலாம்பாளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவள் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். முடித்ததும் "நன்னாயிருக்கு" என்பாள். கல் பொறுக்குகிற கை மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. கதையில் ஆள் செத்தாலும் நிற்காது.

இந்தச் சித்திரையில் அதே நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்து கப்பல் கதை சொன்னான். கை நின்றுவிட்டது. முறம் மடியிலேயே கிடந்தது. அந்தக் கை நின்ற இடத்தில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

'நான்' என்று எழுதினால் எரிச்சல் என்னுடையதாகிவிடும். ஆகையால் இனிமேல் ராமசுப்ரமணியன் என்று ஒருத்தன் வருவான். வயது நாற்பதுக்குப் பக்கம், திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருப்பு, சர்க்கார் ஆபீஸில் கணக்கு வேலை, எப்போதாவது பத்திரிகையில் ஒரு சிறுகதை. எனக்கும் அவனுக்கும் ஆபீஸ் ஒன்று, வீடு ஒன்று, மனைவி ஒருத்தி. மற்றபடி எந்தச் சம்பந்தமும் கிடையாது.

2.

எங்கே தொடங்குவது என்று மூன்று தரம் முயன்று பார்த்தாயிற்று. மூன்றையும் கிழித்துப் போடாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"சங்குமுகம் கடற்கரையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது, தொலைவில் ஒரு கப்பலின் புகை—"

[வேண்டாம். கப்பலைப் பற்றி ராமசுப்ரமணியனுக்கு என்ன தெரியும்? கப்பலில் வேலை பார்த்தவன் கூடத்தில் உட்கார்ந்து அவன் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.]

"பிச்சுமணி ஒரு பொய்யன்."

[எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் இதுதான். ஆனால் அடுத்த வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. என்ன பொய் சொன்னான் என்று எழுத வேண்டாமா? காதைத் தீட்டிக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தும் ஒரு பொய்கூட அகப்படவில்லை. பாவி.]

"வாலாம்பாள் அழகி."

[இது உண்மை. ஆனால் இதை எழுதி, அச்சாக்கி, ஊரிலுள்ளவன் எல்லாம் படிப்பானேன்? அடித்துவிட்டேன்.]

3.

பிச்சுமணி யார் என்று சொல்ல வேண்டும். மனமில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். வாலாம்பாளுடைய அத்தை பிள்ளை. கரமனையில் அவள் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தவன். அத்தை பிள்ளை என்றால் முறைக்காரன். பெண்ணுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே, "வாலாம்பா பிச்சுமணிக்கு" என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். மீசை முளைத்ததும் பிள்ளையாண்டான் பம்பாய்க்கு ஓடினான். அங்கே ஒரு ஹோட்டலில் மேஜை துடைத்து, அங்கிருந்து கப்பலேறிவிட்டான். கடல் தாண்டிப் போய்க் கண்டவன் எச்சில் தட்டை எடுக்கிறவனுக்குப் பெண்ணா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாமனார் தேடிப் பிடித்த மாப்பிள்ளைதான் ராமசுப்ரமணியன். ஆக, பிச்சுமணி கப்பலேறாமல் இருந்திருந்தால் வாலாம்பாள் இந்த வீட்டுக்கு வந்திருக்கமாட்டாள். நன்றி சொல்ல வேண்டிய விஷயந்தான். ராமசுப்ரமணியன் இதுவரை சொல்லவில்லை. இனிமேலும் உத்தேசமில்லை.

அது சரக்குக் கப்பல் அல்ல, உல்லாசக் கப்பல். பணக்கார வெள்ளைக்காரர்கள் ஏறி, நாலு தேசத்துக் கரையை எட்டிப் பார்த்துவிட்டு, ஏறின இடத்திலேயே வந்து இறங்குவார்கள். அதில் பிச்சுமணி ஸ்டூவர்ட். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவான், கேபின்களில் படுக்கை விரிப்பான். இந்தத் தடவை ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் லீவில் வந்து, தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். சாயங்காலமானால் இங்கே ஆஜர். வெளுத்த சட்டை, படிய வாரின தலை, உட்கார்ந்தால் நாற்காலி நோகாத மாதிரி ஓர் உட்கார்வு. பார்க்க நன்றாகத்தான் இருப்பான், அவன் தலையில் இடி விழ.

"கடல் கொந்தளிக்கறச்சே மேஜை அப்படியே சாயும், வாலாம்பா. பிளேட், கிளாஸ் எல்லாம் ஒரு பக்கமா ஓடும். நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமோ?"

"கட்டி வெப்பேளா, அத்தான்?"

"மேஜைத்துணி மேல தண்ணியைத் தெளிச்சு ஈரமாக்கிடுவோம். பிளேட் ஒட்டிண்டு அப்படியே நிக்கும். பெரிய ஆபத்துக்குச் சின்னக் காரியம் மதி, அதுவே போறும், கேட்டோ."

வாலாம்பாள் கை நின்றது இங்கேதான்.

ராமசுப்ரமணியனுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. மேஜைத்துணியை நனைப்பது! ஆயுசு முழுக்க உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும் இப்படி ஒரு விவரம் அவனுக்குத் தோன்றுமா? இவனுக்கானால் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிச்சுமணி எல்லாவற்றையும் பாடம் பாடமாகச் சொல்லுவான். கப்பல் ஆடும்போது முட்டியை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், விறைத்து நின்றவன் விழுவான், இது ஒரு பாடம். இன்னொன்று கதவைப் பற்றியது.

"கேபின் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டணும். தட்டிட்டு உடனே உள்ள போகப்படாது, கொஞ்சம் நிக்கணும். உள்ளே இருக்கறவா அழுதுண்டு இருப்பா, ஆத்துக்காரனோட சண்டை போட்டுண்டு இருப்பா. மூஞ்சியை மாத்திக்க அவாளுக்கு நேரம் குடுக்கணுமோ இல்லையோ?"

"நம்ம தெருவுல யாரு தட்டறா? அடுத்தாத்துப் பிச்சம்மாள் மாமி நேரே அடுக்களைக்கே வந்துடுவா" என்று வாலாம்பாள் சிரித்தாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "மூஞ்சியை மாத்திக்க நேரம். நன்னாயிட்டு இருக்கு அது" என்றாள்.

ராமசுப்ரமணியனுக்குக் கிடைத்ததெல்லாம் 'நன்னாயிருக்கு' மட்டுமே. 'நன்னாயிட்டு இருக்கு அது' என்று ஒருநாளும் கிடைத்ததில்லை. வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண்டாட்டிக்கு முன்னால் கதை வாசித்துப் பாருங்கள், தெரியும்.

4.

இனி வருவது கதையின் முள். தொண்டையில் மாட்டிக்கொண்ட இடம் இது.

"எல்லாத்துலயும் பெரிய பாடம் ஒண்ணு உண்டு, ஓய்" என்று பிச்சுமணி ஒரு நாள் இவன் பக்கம் திரும்பினான். "பாசஞ்சர் வாயால சொல்றதை நம்பப்படாது. எல்லாம் நன்னாயிருக்குன்னுதான் சொல்லுவா. தட்டுல என்ன மிச்சம் வெக்கறான்னு பார்க்கணும். ஒரு தரம் பார்த்தாப் போறும், ஆளைத் தெரிஞ்சுடும். சொல்லும் பாப்போம், வாலாம்பா என்ன மிச்சம் வெப்பா?"

"அவ ஒண்ணும் மிச்சம் வெக்கமாட்டா. என் இலையிலதானே சாப்பிடறா."

"அப்போ நீர் வெச்ச மிச்சத்தையாக்கும் அவ சாப்பிடறா" என்று பிச்சுமணி சிரித்தான். "அவ மிச்சம் என்னன்னு உமக்குத் தெரியாது."

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியுமே."

"என்னது?"

"நான் சொல்லிட்டா அதுல என்ன இருக்கு? நீரே பார்த்துக்கும்."

* இங்கே ஒரு குறிப்பு. எங்கள் தெருவில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே மனைவி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ராமசுப்ரமணியன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விடுவான், ராத்திரியானால் கூடத்துக்கு. அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. குழந்தை குட்டி இல்லாத வீடு, பார்த்துச் சொல்லவும் ஆளில்லை.

 இன்னொரு குறிப்பு. அவனுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. தனக்கு உயிரான ஒரு பதார்த்தத்தை முழுக்கச் சாப்பிடமாட்டான். நல்ல பங்காகப் பார்த்து இலையில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்திருப்பான், அவள் சாப்பிடட்டும் என்று. மற்ற புருஷர்கள் பூ வாங்கிக்கொண்டு வருவார்கள், இவன் இதை வைப்பான். இலை சுத்தமாகக் காலியாவதை நினைத்து, அவளுக்கும் அது உயிர் என்று முடிவு கட்டியிருந்தான். [பதார்த்தத்தின் பெயரை முதலில் எழுதியிருந்தேன். பிறகு அடித்தேன். ஏன் என்று பின்னால் தெரியும்.]

பிச்சுமணிக்கு எப்படித் தெரியும் என்பதை மறுநாள் பிச்சம்மாள் மாமி கொண்டுவந்து கொட்டினாள்.

"உனக்குத் தெரியாதா அம்பி? நீ ஆபீஸ் போனப்பறம் அன்னிக்கு ஒரு நாள் அவன்தான் பரிமாறினான். எங்க ரெண்டு பேரையும் உக்காத்தி வெச்சு, தோள்ல துண்டைப் போட்டுண்டு. வாலாம்பாளுக்குத் தனி இலை! அவளானா வெக்கப்பட்டுண்டு சாப்பிட்டா பாரு, கல்யாணப் பொண்ணு தோத்துடுவா."

அன்று ஆபீஸில் ராமசுப்ரமணியன் கூட்டின கணக்கு எதுவும் சரியாக வந்திருக்காது. கட்டிக்கொண்டவன் பார்க்காததை அத்தை பிள்ளை பார்த்துவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவளைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. பெண்டாட்டிக்கே ஊரான் பரிமாறினால் என்ன சொல்லுவது என்று ஒரு பழமொழியும் இல்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! எழுத்தாளனாயிற்றே, கற்பனையில் கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

"வாலாம்பாள் தன் இலையில் ________ மட்டும் தொடாமல் ஒதுக்கினாள்."

பாகற்காய் என்று போட்டான், அடித்தான். மோர் மிளகாய் என்று போட்டான், அதையும் அடித்தான். கதாநாயகிக்கு எது பிடிக்காது என்று தெரியாத எழுத்தாளனைவிட, மனைவிக்கு எது பிடிக்காது என்று தெரியாத புருஷன் தேவலையா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பேனாவை மூடினான்.

5.

[இந்தப் பகுதியில் பிச்சுமணியை ஒழித்துக்கட்டுவதாக இருந்தேன். ஒரு வடிவத்தில் அவன் ஸ்டூவர்ட்டே அல்ல, கப்பலின் அடித்தளத்தில் பாத்திரம் தேய்ப்பவன். இன்னொன்றில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அவனுக்கு ஒரு குடும்பம். ஒன்றில் புயல் அடித்துக் கடலிலேயே போய்விடுகிறான். அந்தப் பக்கம் ரொம்ப நன்றாக வந்திருந்தது, கண்ணீர்கூட வந்தது. ஆனால் மறுநாள் சாயங்காலம் வெளுத்த சட்டையோடு வந்து, "ஓய், என்ன எழுதறீர்?" என்று கேட்டான்.]

அன்றுதான் கொச்சிப் பேச்சு வந்தது. பிச்சுமணியின் கப்பல் அந்த ஞாயிற்றுக்கிழமை கொச்சித் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கேயே ஏறிக்கொள்ள வேண்டும். உறவுக்காரர்கள் ஏறிப் பார்க்கக் கப்பலில் அனுமதி வாங்கித் தரலாம்.

"ரெண்டு பேரும் வாங்கோ. டைனிங் சலூன்ல உக்காத்தி வெச்சுக் காபி தரேன்."

வாலாம்பாள் முகத்தில் வெளிச்சம் வந்ததை ராமசுப்ரமணியன் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், "லீவு கிடைக்காது" என்றான்.

"ஞாயித்துக்கிழமைக்கு லீவு எதுக்கு?" என்றாள் வாலாம்பாள்.

"திங்கட்கிழமை காலம்பற ஆபீஸ் போக வேண்டாமா?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிச்சுமணி எழுந்து லாட்ஜுக்குக் கிளம்பினான். வாசல்படியில் நின்று, "முட்டியை மடக்கும் ஓய்" என்று மெதுவாகச் சொன்னான். அந்த நிமிஷம் ராமசுப்ரமணியன் கையில் செம்பு இருந்திருந்தால் எறிந்திருப்பான்.

6.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிச்சுமணி வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. ராமசுப்ரமணியன் உட்கார்ந்தான். வாலாம்பாள் முறத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எழுதறதை வாசியுங்கோளேன்" என்றாள்.

"இன்னும் முடியலை."

"என்னைப் பத்தித்தானே எழுதறேள்? எனக்குத் தெரியும். ரெண்டு நாளா என் மூஞ்சியையும் காயிதத்தையும் மாறி மாறிப் பார்த்துண்டு இருக்கேளே. அதுல நான் என்ன பண்றேன்?"

"போறே."

"எங்கே?"

"கொச்சிக்கு."

கல் பொறுக்குகிற கை நின்றது. இந்தத் தடவை அவனுடைய கதைக்காக. எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கியிருப்பான்! ஆனால் நின்ற விதம் சரியாக இல்லை.

"போயிட்டு?"

"அப்பறம் இன்னும் எழுதலை."

"திரும்பி வரேனா, மாட்டேனா?"

"அதான் யோசிச்சுண்டு இருக்கேன்."

"நீங்க எழுதித்தான் நான் வரணுமோ?" என்றாள். குரல் உயரவில்லை. "அத்தான் கப்பலேறி இத்தனை வருஷமாச்சு. எனக்கு அவர் வேணும்னா அன்னிக்கே அழுதிருப்பேன். அழலை. எனக்குக் கப்பலைப் பார்க்கணும். அவ்வளவாக்கும். சங்குமுகத்துல நின்னு தண்ணியைப் பார்த்துட்டுத் திரும்பி வரதே என் பொழைப்பாப் போச்சு. அந்தத் தண்ணி மேல ஒரு வீடு நிக்கும்னா அதைப் பார்க்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை போறேன். எறணாகுளத்துல சித்தியாத்துல தங்கிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவேன். இதையும் வேணும்னா எழுதிக்கோங்கோ."

[எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. இந்தக் கதையில் என் கை படாத ஒரே நல்ல வசனம் இது.]

7.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். ராமசுப்ரமணியன் வீட்டுக்கு வந்தபோது வாலாம்பாள் சமையலை முடித்து, அவனுக்கு இலை போட்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

"நீ உக்காரு" என்றான்.

"என்னது?"

"நீ உக்காரு. நான் பரிமாறறேன்."

"எந்தாக்கும் இது? தலை கிறுகிறுங்கறதா?" என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பாவமாக்கும், பேசாம உக்காருங்கோ. யாராவது பார்த்தா சிரிப்பா."

"சிரிக்கட்டும். உக்காரு."

அவன் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்தாள். இலைக்குமேல் தண்ணீரைத் தெளித்தான். தெளிக்கும்போது அந்த மேஜைத்துணி ஞாபகம் வந்தது. நாமும்தான் காலங்காலமாகத் தெளிக்கிறோம், யார் கதையாக்கினார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு பொச்சரிப்பு. பிறகு பரிமாறத் தொடங்கினான். எடுத்த எடுப்பிலேயே சாதத்தைப் போட்டான். "கறி கூட்டெல்லாம் முன்னால போடணும்" என்றாள். கரண்டியை மாற்றி, கூட்டைச் சிந்தி, சாம்பாரை ஓடவிட்டான். அவள் கையால் அணை கட்டிக்கொண்டே சிரித்தாள். நாற்பது வருஷமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இலைக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரியவில்லை.

அவள் தலை குனிந்து சாப்பிட்டாள். சின்னச் சின்னக் கவளம். கூட்டைத் தனியாகச் சாப்பிடுவாள், சாதத்தோடு பிசையமாட்டாள். அப்பளத்தைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருந்து மோர் சாதத்துக்கு நொறுக்கிக்கொள்வாள். சாப்பிடும்போது இடது கை தரையில் மெல்லத் தாளம் போடும். ராமசுப்ரமணியன் கரண்டியோடு நின்றபடி வைத்த கண் வாங்காமல் பார்த்தான். இவ்வளவு நாள் அடுக்களையில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், அவன் கூடத்தில் உட்கார்ந்து கதாநாயகி தேடியிருக்கிறான்.

அவள் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தான். ஒன்றே ஒன்று, இலையின் ஓரத்தில், நுனி விரல்கூடப் படாமல், போட்டது போட்டபடி இருந்தது.

அவன் அவளுக்காக ஒவ்வொரு நாளும் ஆசை ஆசையாய் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்த அதே பதார்த்தம்.

"இது... உனக்குப் பிடிக்காதா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "தனி இலை பாருங்கோ, மறந்துட்டேன்" என்றாள்.

"இத்தனை வருஷமா நான் வெச்சதெல்லாம்?"

"சாப்பிட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"உங்களுக்கு அது உயிர். அதுல பாதியை எனக்குன்னு வெச்சேள். வாயில இருக்கறதை எடுத்துக் குடுக்கறவாகிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணை மூடிண்டு மொதல்லயே முழுங்கிடுவேன்."

ராமசுப்ரமணியன் கரண்டியைக் கீழே வைத்தான். வந்தது அழுகையா வெட்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்து அவன் வாயிலிருந்து வந்ததைப் பாருங்கள். பொறாமைக்காரன் புத்தி போகுமா?

"பிச்சுமணிக்கு இது தெரியும்னானே?"

"அத்தானுக்கா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அன்னிக்கு நான் கையை வெச்சு மறைக்க மறைக்க அதைத்தான் ரெண்டாம் தரம் போட்டார்! பாவம், அவருக்காகவும் முழுங்கித் தொலைச்சேன். அவர் எல்லாரண்டையும் அப்படித்தான் சொல்லுவாராம். எனக்குத் தெரியுமேன்னு சொல்லிட்டுச் சும்மா நின்னா, பாசஞ்சர் தானே உளறிடுவானாம். அதுவும் ஒரு கப்பல் பாடமாக்கும்."

சாமி சத்தியமாக, சித்திரை மாதம் முழுக்க ராமசுப்ரமணியனுக்கு அவ்வளவு சந்தோஷமான நிமிஷம் வாய்க்கவில்லை. பிச்சுமணிக்குத் தெரியாது! உலகத்தில் யாருக்கும் தெரியாது!

அந்தச் சந்தோஷத்திலேயே, "நாளைக்கு நானும் கொச்சிக்கு வரட்டுமா?" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம். நீங்க வந்தா கப்பலைப் பார்க்கமாட்டேள், என்னையே பார்த்துண்டு இருப்பேள். நான் கப்பலைப் பார்க்கணும்."

முட்டியை மடக்கினான். எளிதாக இல்லை. பாடம் சொன்னவனைத் திட்டிக்கொண்டேதான் மடக்கினான். "சரி, போயிட்டு வா" என்றான்.

8.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டான். பிச்சுமணி முன் வரிசையில் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், வாலாம்பாள் பெண்கள் வரிசையில் ஜன்னலோரம். பஸ் திரும்புகிற வரைக்கும் அவள் இவனைப் பார்த்துக் கையாட்டினாள். திரும்பியபின் எந்தப் பக்கம் பார்த்தாள் என்பது இவனுக்குத் தெரியாது. அதை நினைத்தே அன்றைய பொழுது போயிற்று.

திங்கட்கிழமை லீவு போட்டான். கிடைக்காது என்று சொன்ன அதே லீவு, கேட்டதும் கிடைத்தது.

9.

இதை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம். 'அவன்', 'ராமசுப்ரமணியன்' என்று இனிமேல் இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. நான்தான்.

சமைத்திருக்கிறேன். சாதம் குழைந்துவிட்டது, சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல். அந்த ஒன்றை மட்டும் சமைக்கவில்லை. கூடத்தில் இரண்டு இலை போட்டு வைத்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில். பிச்சம்மாள் மாமி வந்து பார்த்துவிட்டு, மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. விளக்கையும் நானே வைத்தேன். பஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை போலிருக்கிறது. வந்து, அவள் வரவில்லையோ?

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

(அ) அவள் வருகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள். பிச்சுமணியைவிட நன்றாகச் சொல்கிறாள். நான் முறத்தை வைத்துக்கொண்டு கல் பொறுக்குகிறேன். [நல்ல முடிவுதான். ஆனால் வீட்டில் இன்னொரு கதைசொல்லியா? இதற்கும் பொறாமைப்பட ஆரம்பித்துவிட்டேன்.]

(ஆ) அவள் வரவில்லை. சித்தி வீட்டிலிருந்து ஆள் வருகிறது, கப்பல் கிளம்பும்போது அவள் இறங்க— [இதை எழுதமாட்டேன்.]

(இ) அவள் வருகிறாள். சாப்பிடுகிறாள். கண் மட்டும் இன்னும் துறைமுகத்திலேயே இருக்கிறது. [இது நடக்கக்கூடியது. அதனால்தான் இதைக் கண்டு எனக்கு அதிக பயம்.]

நடுவில் அந்த வெற்றிடம் வேறு பாக்கி இருக்கிறது. 'வாலாம்பாள் தன் இலையில் ________ மட்டும் தொடாமல் ஒதுக்கினாள்.' அன்றைக்குத் தெரியாமல் விட்டது, இப்போது தெரிந்தே விடுகிறேன். எனக்கு விடை தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டேன். கப்பல்காரனுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு? அரும்பாடுபட்டு, கரண்டி பிடித்து, சாம்பாரைக் கொட்டிச் சம்பாதித்தது. உங்கள் வீட்டிலும் ஒருத்தி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் உட்காருகிறாளே, போய் அங்கே பாருங்கள். என் வீட்டில் எட்டிப் பார்க்காதீர்கள்.

பஸ் சத்தம் ஒன்று கிழக்கே கேட்டது. போய்விட்டது. தெருவில் செருப்புச் சத்தம். வாசல் வரை வந்து நின்றுவிட்டது. வாசல் கதவு அகலத் திறந்தேதான் கிடக்கிறது. இந்தத் தெருவில் யாரும் வெளியே நிற்பதில்லை, நேரே உள்ளே வந்துவிடுவார்கள்.

தட்டுகிறார்கள்.

தட்டிவிட்டு, உள்ளே வராமல் நிற்கிறார்கள்.

அந்தப் பாடத்தை அவளுக்குப் பிச்சுமணிதான் சொல்லிக்கொடுத்தான், படுபாவி. பெருமை அவனுக்கு. ஆனால் அந்த நேரம் எனக்குக் கொடுக்கப்பட்டது. வீணாக்கக் கூடாது. என் மூஞ்சி இப்போது இருக்கிற இருப்பில் யார் கண்ணிலும் படக் கூடாது.

நீங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? வாசலுக்குப் போய் "வாங்கோ" என்று சொல்லுங்கள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.